மலைவாசலில் எழுதும் கணக்கு

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற்றே செல்ல வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதன்பேரில், 2024-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி முதல் அம்முறை அமலுக்கு வந்தது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, அவ்வாண்டுக் கோடைப் பருவத்துக்கென வண்டிகளின் தொகைக்கும் வரம்பு கட்டப்பட்டது. நீலகிரிக்குச் சாதாரண நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. இது குறித்து எழுந்த விவாதமெல்லாம் வாசலை அடைப்பதா, திறப்பதா என்ற ஒன்றையே சுற்றி நின்றது. அவ்வாசலில் எழுதப்படும் கணக்கைப் பற்றிப் பேசுவோர் அரியர். அக்கணக்கே பெரும் பொருள் என்பது நமது அபிப்பிராயம்.

இதுகாறும் நம்மிடம் இருந்த கணக்கு எத்தகையது? 2018-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் உள்நாட்டுப் பிரயாணிகளின் வருகை 38 கோடிக்கு மேல் என்று மத்திய சர்க்கார் வெளியிட்டது. நாட்டிலேயே முதலிடம் என்று நாமும் மகிழ்ந்தோம். ஆனால் 2011-ம் ஆண்டு ஜனக்கணக்கின்படி இம்மாநிலத்தின் மக்கள் தொகை 7 கோடியே 21 லட்சம்தான். ஒருவரே பல ஊர்களுக்குச் சென்றால் பல முறை எண்ணப்படுவார். எண்ணப்படுவது வருகையேயன்றி ஆள் அன்று. வந்தவர் யார், எத்தனை நாள் தங்கினார், என்ன வேண்டி வந்தார் என்பவற்றை அப்பெருந்தொகை நமக்குச் சொல்லாது. பெருமைக்கு உதவும் எண் வேறு. காரியத்துக்கு உதவும் எண் வேறு.

இ-பாஸ் பெறுவோர் எவ்வூரிலிருந்து வருகிறார், எத்தனை பேர், எவ்வகை வண்டி, எந்நாள் வந்து எந்நாள் திரும்புவார், எங்கே தங்குவார் என்பவற்றைத் தாமே பதிவு செய்கின்றனர். இவ்விவரங்களை ஒருங்கே குவித்து, கணினியின் துணைகொண்டு அகழ்ந்து, அவற்றுள் மறைந்து கிடக்கும் ஒழுங்கைக் காண்பதே தரவு அகழ்தல் எனப்படுவது. ஸ்வீடன் தேசத்தில் ஓரே என்னும் மலையூர் உண்டு. பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பெயர் போனது. அங்கே அறைப் பதிவு, வலைத்தளத் தேடல், விருந்தினர் கூறிய குறைநிறை ஆகிய மூன்றையும் ஒரே களஞ்சியத்தில் சேர்த்து ஆராய்ந்தனர் பல்கலைக்கழகத்தார். அவ்வறிவை ஊரிலுள்ள தொழில் நடத்துவோருக்கே பயன்படச் செய்தது அம்முயற்சியின் சிறப்பு.

விளம்பரம் என்றால் கூவி அழைப்பது என்றே நம் இலாகாக்கள் எண்ணியிருக்கின்றன. நீலகிரிக்கு அழைப்பு வேண்டுவதில்லை. பருவ காலத்தில் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் ஏறும் மலை அது. வேண்டுவது வழிப்படுத்துதல். ஒரே நாளில் வந்து திரும்புவோர் எந்த ஜில்லாவினர் என்று தெரிந்தால், அங்கிருந்து பஸ்களை மிகுதியாக விட்டுக் கார்களைக் குறைக்கலாம். அண்டை மாநிலத்தார் எப்பண்டிகையையொட்டி வருகின்றனர் என்று தெரிந்தால், முன்னதாகவே மலையாளத்திலும் கன்னடத்திலும் அறிவிப்புச் செய்யலாம். கேட்ட நாள் நிரம்பிவிட்டால், இடமுள்ள வேறொரு நாளை அவ்விண்ணப்பத்திலேயே காட்டலாம். ஆயினும், ஒரு மலையின் பாரத்தை இறக்கி இன்னொரு மலையின் தலையில் ஏற்றுவது பரிகாரம் ஆகாது.

வரம்பினால் வியாபாரம் கெடுகிறதென்று மலையூர் வணிகர்கள் முறையிட்டனர். அம்முறையீட்டை நாம் இகழவில்லை. அறை வாடகையும் வண்டி வாடகையுமே பல குடும்பங்களின் சோறு. ஆனால் இரண்டு மாத நெரிசலை நம்பிப் பத்து மாதம் காத்திருப்பதா வாழ்வு? எந்த மாதம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று கணக்கைக் கேட்டறிந்து ஆண்டு முழுதும் வருவாயைப் பரப்பிக் கொள்வதே அவர்களுக்கும் நலம். அங்கு வாழும் தோடருக்கும் படகருக்கும் தோட்டத் தொழிலாளருக்கும் நலம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பாஸ் பெற்றவரெல்லாம் வருவதில்லை. ஆகவே சாவடியில் எண்ணிய எண்ணோடு ஒப்பிடாமல் பதிவை மட்டும் நம்புவது பிழை. மற்றொன்று இதனினும் பெரிது. ஒரு குடும்பம் எந்நாள் வீட்டைவிட்டு எங்கே செல்கிறது என்பது சந்தைச் சரக்கன்று. தனியார் தரவுக் காப்புக்கென 2023-ம் ஆண்டில் பார்லிமெண்டில் சட்டம் நிறைவேறியது. அதன் கருத்தை மதித்து, ஆராய்ச்சிக்குத் தரும் கணக்கிலிருந்து பெயரையும் தொலைபேசி எண்ணையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட வேண்டும்.

1906-ம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டது, நம் கடல் வாணிபம் பிறர் கையில் இருத்தலாகாது என்பதற்காக. இன்று நம் ஊர்களுக்கு வருவோரின் விருப்பு வெறுப்புகள் அயல்நாட்டுப் பதிவுக் கம்பெனிகளின் களஞ்சியங்களில் குவிந்து கிடக்கின்றன. நம் ஊரைப் பற்றி நம் நகராட்சி அறிந்ததைவிட அவர்கள் மிகுதியாக அறிவர். நம் கையிலேயே உள்ள கணக்கையாவது நாம் படிக்க வேண்டாமா? மாதந்தோறும் இ-பாஸ் கணக்கின் தொகுப்பைத் தமிழில் வெளியிட்டு, நகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் வணிகர் சங்கங்களுக்கும் அளிக்குமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம். பூட்டி வைத்த ஏடு செல்லுக்கே இரையாகும்.