கால் போன பிறகு காப்பீடா?

ஒருவனுக்குச் சர்க்கரை வியாதி முற்றிக் கால் அழுகி, அந்தக் காலை வெட்டியே தீர வேண்டும் என்கின்ற நிலை வந்துவிட்டால் அதற்குக் காப்பீட்டில் பணம் உண்டு. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்ய வேண்டுமானாலும் பணம் உண்டு. ஆனால் கால் அழுகாமலும் சிறுநீரகம் கெடாமலும் இருப்பதற்காக அவன் தினந்தோறும் போட்டுக்கொள்ள வேண்டிய இன்சுலினுக்கு மாத்திரம் அதே காப்பீட்டில் பணம் கிடையாது. இதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறு உண்டா என்று நாம் கேட்கிறோம்.

இது நாம் கட்டிச் சொல்லும் கதையல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், 2018-ல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் திட்டமும் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று சொல்லுகின்றன. நல்ல காரியம்தான், நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் ஆஸ்பத்திரியில் படுத்தவனுக்கே ஒழிய, எழுந்து நடமாடி உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு அல்ல. சொந்தப் பணம் கட்டி வாங்கும் காப்பீட்டிலும் பெரும்பாலும் இதே சங்கதிதான்.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு 40 யூனிட் போட்டுக்கொள்ளும் ஒருவனுக்கு, 400 யூனிட் கொண்ட சாதாரணக் குப்பி 10 நாளைக்கு வரும். மாதத்துக்கு 3 குப்பி. சர்க்கார் இதற்கு உச்சவிலை கட்டியிருப்பதால் குப்பி 200 ரூபாய்க்குள் கிடைக்கிறது. இதோடு தீர்ந்ததா? இல்லை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பாராமல் இன்சுலின் போடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமானம். குறைத்துப் போட்டால் வியாதி தின்னும். கூட்டிப் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்து சாகவும் நேரும். ஆகவே அளந்து பார்க்கப் பட்டை வேண்டும். பட்டை ஒன்று 15, 20 ரூபாய். நாளைக்கு மூன்று தரம் பார்த்தால் மாதம் 1,350 முதல் 1,800 ரூபாய். அதாவது மருந்தின் விலையைவிட, மருந்தை அளந்து போடுவதற்கான செலவு இரண்டு மூன்று மடங்கு! தேசிய அவசிய மருந்துப் பட்டியலில் இன்சுலின் இருக்கிறது, பட்டை இல்லை. 2025 செப்டம்பரில் பட்டையின் வரியை 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைத்தார்கள். சந்தோஷம். ஆனால் அதே 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். பட்டைக்கு மட்டும் நான்கைந்து நாள் கூலி போனால், குடும்பம் எதைச் சாப்பிடுவது?

"சர்க்கார் ஆஸ்பத்திரியில் இன்சுலின் இலவசமாகக் கொடுக்கிறார்களே" என்று சிலர் சொல்லலாம். வாஸ்தவம். 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தது. மற்ற மாகாணங்களுக்கு இது பாடம். ஆனால் பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்தான் ஒருவன் இன்சுலினுக்காக மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு வந்து வரிசையில் நின்று திரும்பினால், அவனுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் சத்தமும் நஷ்டம். மருந்து இலவசம், மருந்துக்குப் போவது இலவசமா? வாங்கி வந்த குப்பியையும் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். கோடையில் நம் மதுரைச் சீமை வெயிலில், குளிர்பெட்டி இல்லாத ஓட்டு வீட்டில் அது கெட்டுப்போனால் யார் பொறுப்பு?

இனி, "விலையைக் குறைத்தால் கம்பெனிகள் புது மருந்து கண்டுபிடிக்கமாட்டா" என்று பணக்காரர்களின் வக்கீல்கள் வாதம் செய்வார்கள். இன்சுலினைக் கண்டுபிடித்தது எந்தக் கம்பெனி? 1921-ல் கனடா தேசத்து டோரன்டோ சர்வகலாசாலையில் பான்டிங், பெஸ்ட் முதலானவர்கள் கண்டுபிடித்தார்கள். 1923-ல் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு அந்தச் சர்வகலாசாலைக்கே எழுதிக் கொடுத்தார்கள். யாரும் இதை வைத்து ஏகபோகம் செய்யக்கூடாது என்பதே எண்ணம். இன்று நடப்பதென்ன? நோவோ நார்டிஸ்க், எலி லில்லி, சனோஃபி என்னும் மூன்று கம்பெனிகளின் கையில் உலக இன்சுலின் வியாபாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிக்கியிருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய மனித இன்சுலினை 48 முதல் 71 டாலருக்குள் லாபத்தோடேயே விற்கலாம் என்று 2018-ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு டாலருக்குத் தானமாக வந்த அறிவைப் பூட்டி வைத்துக் காவல் காப்பதற்குப் பெயர் ஆராய்ச்சியா?

இந்த வியாபாரிகளுக்குத் துணையாக இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன், "முன்ஜென்ம வினை" என்பவன். உடலில் இன்சுலின் சுரப்பது அறவே நின்றுபோன குழந்தைக்கு இந்த மருந்து சோறும் தண்ணீரும் போன்றது; சில நாள் இல்லையென்றால் உயிர் நிற்காது. அந்தப் பச்சைக் குழந்தை என்ன வினை செய்தது? மற்றொருவன், "ஊசியை நிறுத்து, என் லேகியத்தைச் சாப்பிடு" என்பவன். நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ம் வருஷத்துச் சட்டப்படியே குற்றம். ஆனாலும் அவன் கடை நடக்கிறது. ஏன்? இன்சுலினும் பட்டையும் கைக்கு எட்டாதபோது ஏழை லேகியக்காரனிடம் போகாமல் வேறு எங்கே போவான்? விலை எட்டாத இடத்தில்தான் விதி உட்கார்ந்துகொள்ளுகிறது. ஆகவே மூடநம்பிக்கையை ஒழிக்க வேண்டுமென்கின்ற நாம், மருந்து விலையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

நாம் கேட்பது தர்மம் அல்ல, உரிமை. இன்சுலின், ஊசி, பட்டை ஆகிய மூன்றும் ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு, அவரவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும். பட்டையை அவசியப் பட்டியலில் சேர்த்து உச்சவிலை கட்ட வேண்டும். காப்பீட்டுத் திட்டம் படுக்கைக்கு மட்டுமல்லாமல் தினசரி மருந்துக்கும் பணம் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தால் சர்க்காருக்கே லாபம். கால் வெட்டும் செலவும் டயாலிசிஸ் செலவும் அந்த அளவுக்குக் குறையும்.

தோழர்களே! மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர்களை நிறுத்தி வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் காலை வெட்டக் கொடுக்கும் பணத்தை, வெட்டாமல் காக்க ஏன் கொடுக்கக் கூடாது?" பதில் சொல்லத் தெரியாதவர்களுக்கு உங்கள் ஓட்டு எதற்கு?