பதக்கம் இருக்கிறது, மைதானம் எங்கே?

அபுதாபியில் 2019-இல் நடந்த சிறப்பு ஒலிம்பிக் உலக விளையாட்டுகளில் அறிவுசார் குறைபாடுடைய இந்திய வீரர்கள் 368 பதக்கங்கள் பெற்றனர்; 2023-இல் பெர்லினில் 202. செய்தித்தாள்கள் ஒருநாள் மகிழ்ந்தன. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ வாழும், அதே குறைபாடுடைய இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர், செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பந்து விளையாட எங்கே போவார்? இதற்கு விடை சொல்ல இயலாத ஊர் அந்தப் பதக்கங்களில் பெருமை கொண்டாடுவது நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

சிறப்புப் பள்ளியில் படிக்கும்வரை ஆண்டுக்கு ஒரு விளையாட்டு விழாவேனும் உண்டு. டிசம்பர் 3 வந்தால் எலுமிச்சை கரண்டி ஓட்டம், ஓர் எவர்சில்வர் டப்பா, பிரமுகர் உரை. (உரைதான் ஓட்டத்தைவிட நீளம்.) பள்ளி முடிந்தபின் வீடு, தொலைக்காட்சி, மொட்டைமாடி. வேளச்சேரி சாலை நெடுகிலும் செயற்கைப் புல்தரை ஆடுகளங்கள் முளைத்துள்ளன, மணிக்கணக்கில் வாடகை. அதைப் பங்கிட்டுக்கொள்ளப் பத்து நண்பர்கள் வேண்டும். இவ்விளைஞருக்கு இல்லாததே அந்தப் பத்து நண்பர்கள்தாம்.

அணுகல் என்றதும் நம் அதிகாரிகளுக்குச் சரிவுப்பாதை ஒன்றே நினைவுக்கு வருகிறது. சக்கர நாற்காலியில் வருவோர்க்கு அது இன்றியமையாதது. மெரினாவில் 2022-இல் மரப்பாதை அமைத்தது நற்செயலே. நாம் பேசும் இளைஞரோ படியேறி வந்துவிடுவார். விதியை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் 'புரியலையா?' என்று சலித்துக்கொள்ளும் குரலும், 'கூட்டிட்டுப் போங்கம்மா' என்னும் பார்வையுமே அவரைத் திருப்பி அனுப்புகின்றன. இவற்றை நீக்கச் சிமெண்ட் வேண்டாம். மாறாத நேரம், பழகிய முகம், சொல்லாமல் செய்துகாட்டப்படும் விதி, தவறினால் இன்னொரு வாய்ப்பு ஆகியவை போதும்.

'அவர்களுக்கென்று தனிப் போட்டிகள் உள்ளனவே' என்பார் உளர். அப்போட்டிகளின் வரலாறே அவர்களுக்கு எதிராக நிற்கிறது. யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1962-இல் தம் வீட்டுத் தோட்டத்தில் பிள்ளைகளை விளையாடவிட்டார். சிகாகோவில் முதல் சிறப்பு ஒலிம்பிக் 1968-இல்தான் வந்தது. நாம் தோட்டத்தை விட்டுவிட்டுப் பதக்கத்தை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். பதக்கவெறி எங்கே கொண்டுசெல்லும் என்பதற்கு 2000 சிட்னி சான்று. அறிவுசார் குறைபாடுடையோர்க்கான பாராலிம்பிக் கூடைப்பந்தில் வென்ற ஸ்பெயின் அணியின் பன்னிருவரில் பதின்மருக்கு அக்குறைபாடே இல்லை. ஏமாற்றியோர் குறைபாடற்றோர், ஆயினும், உண்மையாகவே குறைபாடுடையோர் 2012 லண்டன் வரை பாராலிம்பிக்கில் இடமின்றி நின்றனர். மாலைநேரப் பந்தாட்டத்திற்கு இத்தகைய சான்றிதழ்ச் சண்டை எதுவுமில்லை. யாரும் வரலாம், யாரும் தோற்கலாம்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைத்தார். வெற்றி பெற்றால்தான் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தன் 30-ஆம் பிரிவில், விளையாட்டில் பங்கேற்பதை உரிமையாகவே பேசுகிறது. நம் ஊர்களில் அது இன்னும் ஏதோ அறக்கட்டளையின் கருணையாகவே நடக்கிறது.

பயிற்றுநர் கிடைக்கவில்லை என்று சொல்லத் தென்சென்னைப் புறநகருக்கு வாய்ப்பே இல்லை. உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் மேலக்கோட்டையூரில் இருக்கிறது. பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சி இவ்விரண்டையும் அழைத்துப் பேசட்டும். முதலில் ஒரே ஒரு மைதானம், வாரத்தில் மூன்று மாலை, கட்டணமின்றி. குறைபாடுடையோரும் இல்லாதோரும் சரிபாதியாய்க் கலந்த அணிகள். விளையாட்டு மாணவர் இருவர், அவர்களுக்குச் சிறு ஊதியம். மாநகராட்சியின் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு வரி இருக்கிறதா என்று நாம் தேடிப் பார்ப்போம்.