பால்டிக் கடலடிக் குண்டுகளுக்கு யார் பொறுப்பு?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ஜெர்மனியின் ரசாயன ஆயுதக் கிடங்குகளைக் காலி செய்ய நேச நாடுகள் கண்ட சுலப வழி கடலில் கொட்டுவது. பால்டிக் கடலில் மட்டும் சுமார் 40,000 டன் ஆயுதங்கள் போயின. பெரும்பகுதி டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவை ஒட்டிய ஆழ்பகுதியில். குறித்த இடம் போய்ச் சேருமுன் வழியிலேயே தூக்கிப் போட்டவையும் உண்டு. எனவே வரைபடத்தில் போட்ட வட்டத்தை நம்பி யாரும் வலை விரிக்க முடியாது. கொட்டியவற்றில் இருந்த கடுகு வாயு பெயரளவில்தான் வாயு. அந்தக் குளிர்நீரில் அது மேற்புறம் இறுகி, களிமண் கட்டி போலக் கிடக்கிறது. இழுவலையில் மீனோடு ஏறி வந்து, தொட்டவர் தோலைக் கொப்பளிக்க வைக்கிறது.

தயாரித்தது ஜெர்மனி, போர்ன்ஹோம் அருகே பெரும்பாலும் கொட்டியது சோவியத் நிர்வாகம், வலையில் சிக்குவது டேனிஷ் மீனவருக்கு. இதில் யாரைப் பொறுப்பாக்குவது? ரசாயன ஆயுதத் தடை உடன்படிக்கையும் கைகொடுக்காது. 1985-க்கு முன் கடலில் கொட்டியவற்றுக்கு அது விலக்கு அளித்துவிட்டது. சட்டம் கைவிட்ட இடத்தில் கரையோர நாடுகள் செலவையும் தகவலையும் பகிர்ந்துகொள்வதுதான் வழி. தன் கடற்பரப்பில் 16 லட்சம் டன் வழக்கமான வெடிபொருள்கள் கிடப்பதாகக் கணிக்கும் ஜெர்மனி, 10 கோடி யூரோ ஒதுக்கி 2024-ல் லூபெக் விரிகுடாவில் சோதனை முறையில் அள்ளத் தொடங்கியது. பாராட்டலாம். ஆனால் போர்ன்ஹோமுக்கு அதனால் விடிவில்லை.

கிளறாமல் விட்டால் ஆபத்தில்லை என்கிறார்கள் சிலர். கிளறாமலே உறைகள் துருப்பிடிக்கின்றன; கீல் நகருக்கு அருகே சோதனைக்காக வைத்த சிப்பிகளின் சதையில் டிஎன்டி வெடிமருந்துச் சேர்மங்கள் தென்பட்டன. ஆனால் அவசரத்துக்கு அவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. 2019-ல் ஃபெமார்ன் நீரிணையில் 42 பழைய கண்ணிவெடிகளை வெடிக்க வைத்த பிறகு, வெடியதிர்ச்சிக் காயங்களோடு கடற்பன்றிகள் செத்து ஒதுங்கின. அது பொதுவான செயல்முறை வேண்டும் என்பதற்கான வாதமே தவிர, சும்மா இருப்பதற்கான வாதமல்ல.

ரஷ்யா இல்லாமல் எப்படி என்பது கனமான கேள்வி. பால்டிக் கடலைக் காக்கக் கரையோர நாடுகள் அமைத்த ஹெல்சிங்கி ஆணையத்தில் அது உறுப்பினர். பழைய சோவியத் ஆவணங்களும் அதனிடமே. உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து அந்தப் பேச்சு மேசை முடங்கிக் கிடக்கிறது. அதற்காக மற்ற எட்டு நாடுகளும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காற்றாலைக்கும் மின்வடத்துக்கும் நிறுவனங்கள் எப்படியும் கடலடியை அளக்கின்றன. அந்த அளவீட்டைப் பொதுத் தரவகத்தில் சேர்ப்பதை உரிம நிபந்தனையாக்க மாஸ்கோவின் கையெழுத்து தேவையில்லை.