வீட்ல கைக்குழந்தை இருக்கா? பெரியவங்க இருமலை அலட்சியமா விடாதீங்க... கக்குவான் இருமல் பரவுவது எப்படி?

கடலூர் - சிதம்பரம் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். இங்கே ஒருவருக்கு மூன்று வாரமாக இருமல் என்றால், 'ஆலைப் புகைதான்'னு நினைக்கத் தோன்றும். புகையாகவும் இருக்கலாம். ஆனா வீட்டில் கைக்குழந்தை இருந்தால், கக்குவான் இருமலையும் சந்தேகிக்க வேண்டும்.

எந்தக் கிருமி?

போர்டெடெல்லா பெர்டுசிஸ் என்ற பாக்டீரியா. 1906-ல் பெல்ஜியத்தின் ஜூல் போர்டே, ஆக்டேவ் ஜாங்கூ இருவரும் இதைப் பிரித்தெடுத்தனர். மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் நுண்ணிய ரோமங்களை இது முடக்கிவிடும். அதனால்தான் இருமல் வாரக்கணக்கில் நீடிக்கிறது. இதே இனத்தைச் சேர்ந்த பாராபெர்டுசிஸ் கிருமியும் இப்படி இருமல் தரும், ஆனால் பெரும்பாலும் லேசாக.

தடுப்பூசி போட்டாச்சே, அப்புறம் எப்படி?

தடுப்பூசியின் பாதுகாப்பு சில ஆண்டுகளில் குறைந்துவிடும். பெரியவர்களுக்கு வெறும் தொடர் இருமலாக வந்து போகும். ஆரம்பத்தில் சாதாரண ஜலதோஷம் போல இருக்கும்போதே அதிகம் பரவும். குழந்தையைக் கொஞ்சும் பாட்டியோ சித்தப்பாவோ தெரியாமலே தொற்றைக் கொடுத்துவிடலாம்.

குழந்தைக்கு என்ன ஆபத்து?

தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசியில் இதற்கான தடுப்பு மருந்து உண்டு. ஆனால் முதல் தவணையே 6-வது வாரத்தில்தான். அதுவரை குழந்தைக்குப் பாதுகாப்பு குறைவு. பச்சிளம் குழந்தைக்கு இருமலே வராமல், திடீரென மூச்சு நின்று உடல் நீலம் பாயலாம்.

கர்ப்பிணிகள் கவனிக்க வேண்டியது

அரசுத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்குப் போடப்படும் 'டிடி' ஊசி, ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கு மட்டுமே. கக்குவானையும் சேர்த்துத் தடுக்கும் 'டிடாப்' ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால், தாயின் எதிர்ப்பு சக்தி குழந்தைக்கும் போகும். இங்கிலாந்து 2012 முதல் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பாதுகாப்பை அரசு செலவிலேயே தருகிறது. இங்கே பெரும்பாலும் தனியாரில் காசு கொடுத்துத்தான் போட வேண்டும்.

என்ன செய்யணும்?

* இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, இருமி முடித்ததும் வாந்தியா? டாக்டரைப் பாருங்க. ஆன்டிபயாடிக்கை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம்.
* அதுவரை குழந்தையைத் தூக்காதீங்க.
* 6, 10, 14-வது வாரத் தவணைகளைத் தள்ளிப்போடாதீங்க.
* குழந்தைக்கு மூச்சு நின்றாலோ, நீலம் பாய்ந்தாலோ உடனே 108-ஐ அழையுங்க.