புயலின் பழைய தடம்

'சைக்ளோன்' என்ற சொல் பிறந்த ஊர் கல்கத்தா. அதை உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், கப்பல்களின் குறிப்பேடுகளைக் கொண்டு பழைய புயல்களின் வழியை ஆராய்ந்தவர். மாட்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டினால், புயல் கிளப்பும் கடல்வெள்ளம் அதை அழிக்கும் என்று 1853-இல் எச்சரித்தார். அரசு செவிசாய்க்கவில்லை. அங்கு எழுந்த போர்ட் கானிங்கை 1867-இல் புயல் சிதைத்தது.

பழைய தடம் அடுத்த புயலின் நாளைச் சொல்லாது; எந்தக் கரை, எந்த மாதங்களில் அஞ்ச வேண்டும் என்பதைச் சொல்லும். வங்கத்துக்கு மே, அக்டோபர்; தமிழகத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2020-இல் ஆம்பன் வங்கக் கரையைத் தாக்கியதும் மே மாதத்தில்தான்.

1891 முதலான தடங்களை வானிலைத் துறை தொகுத்து வைத்திருக்கிறது. தாழ்ந்த நிலத்தில் குடியிருப்புக்கு அனுமதி வழங்குமுன் அதிகாரிகள் அவற்றைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். அங்கே வாடகைக்குக் குடியேறுவோர் ஏழைகளே. பிடிங்டனைப் புறக்கணித்த தவற்றுக்கு அவர்கள் மீண்டும் விலை கொடுக்கலாகாது.