பெரட்டுக்களத்துத் தெளிவு

தலைமை தான் எதிர்பார்ப்பது இன்னதெனத் தெளிவுற உரைக்குமாயின் தொழிலாளர் தம் பணியில் ஈடுபாடு கொள்வர் என்பது முகாமைத்துவக் கல்வியின் முதற்பாடங்களுள் ஒன்று. தன்னிடம் எதிர்பார்க்கப்படுவது யாதென அறியாத ஊழியனின் மனநெருக்கடியை 1964இல் றொபேட் கானும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து நூலாக்கினர். திட்டவட்டமான இலக்கே முயற்சியைத் தூண்டுகிறது என 1968இல் எட்வின் லொக் எழுதினார். ஊழியர் ஈடுபாட்டை அளக்கக் கலப் நிறுவனம் வகுத்த 12 கூற்றுகளில் முதலாவதும் இதனையே பற்றியது. இவற்றைப் பொய்யென மறுக்க வேண்டியதில்லை. ஆயின், மலையகத் தொழிலாளரிடம் ஈடுபாடு குன்றிவிட்டது, இளையோர் கொழும்புக்கு ஓடுகின்றனர், ஆதலால் அவர்களுக்குத் தெளிவான இலக்குகளை வகுத்தளித்தல் வேண்டும் என்று கருத்தரங்குகளிற் பேசுவோர், தேயிலைத் தோட்டமொன்றை விடியற்காலையில் ஒருநாளேனும் கண்டவராயிருத்தல் அரிது.

தெளிவு என்பது தோட்டத்திற்குப் புதிதா? பெரட்டுக்களத்தில் எந்த மலைக்கு எவர் செல்வது என்பது விடியும்போதே வரையறுக்கப்பட்டுவிடும். பறிக்கவேண்டிய கொழுந்தின் அளவு தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் வேறுபடினும், 16 என்றோ 18 என்றோ 20 என்றோ கிலோக் கணக்கில் அனைவரும் அறிந்ததே. அவ்வளவு நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கூடையின் நீருக்கென்று கழிக்கப்படுவது எத்தனை கிலோ என்பதுகூடத் தொழிலாளிக்கு மனப்பாடம். கங்காணி, கணக்கப்பிள்ளை, சின்னத்துரை, பெரியதுரை எனப் படிப்படியாக இறங்கிவரும் இத்துணைத் தெளிவான எதிர்பார்ப்பை வேறெந்தத் தொழிற்றுறையும் ஒன்றரை நூற்றாண்டாகப் பேணியதில்லை எனத் துணிந்து கூறலாம். கூறியவாறு தெளிவே ஈடுபாட்டைப் பிறப்பிக்குமாயின், உலகிலேயே ஈடுபாடு மிக்க உழைப்பாளர் ஊவா மலைகளிலன்றோ இருத்தல் வேண்டும்?

தவறு கோட்பாட்டில் இல்லை. அதனைப் பாதியாக வெட்டி எடுத்தாளுவதிலேயே உளது. கீழிருப்போர் செய்யவேண்டுவது இலக்கத்தில் எழுதப்பட்டுள்ளது. மேலிருப்போர் செய்யவேண்டுவதோ பெருமூச்சில் எழுதப்பட்டுள்ளது. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு 620 ரூபா எனப் பேசப்பட்ட வேதனத்தில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா மட்டுமே. எஞ்சியதில் 140 ரூபா, வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 வீதம் சமுகமளித்தோர்க்கு மாத்திரம் உரியது. நோயுற்ற பிள்ளைக்காக ஆசுபத்திரி வாசலில் நின்ற தாய்க்கு அவ்விதி ஐயந்திரிபறத் தெளிவாகவே இருந்தது. இலக்கத்தை மட்டும் விதித்து அதனை எய்தும் வழியை வழங்காத முகாமைத்துவத்தை அமெரிக்க அறிஞர் எட்வேட்ஸ் டெமிங் கடிந்துரைத்ததைக் கருத்தரங்கினர் ஏனோ மேற்கோள் காட்டுவதில்லை.

இவ்வொருபக்கத் தெளிவின் விலை யாதென்பதை மீரியபெத்த காட்டிற்று. பதுளை மாவட்டத்தில் ஹல்துமுல்லைப் பிரதேசத்தைச் சேர்ந்த, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள தோட்டப் பிரிவு அது. அந்நிலம் மண்சரிவுக்கு உட்பட்டதென்றும் மக்களை அகற்ற வேண்டுமென்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்கும் வேலைக்கும் முன்னரே புறப்பட்டிருந்தோர் பலர் தப்பினர், வீட்டிலிருந்தோர் புதையுண்டனர். இறந்தோர் 100 பேர் என்றும் 200க்கு மேல் என்றும் முதல் நாட்களில் கூறப்பட்டது. பின்னர் அத்தொகை 40க்கும் குறைவாகச் சுருங்கிற்று. ஒவ்வொரு பேருக்கும் நேற்று எத்தனை கிலோ என்பதைத் தவறாது பதியும் ஒரு துறையில், ஒரு லயத்தில் எத்தனை உயிர் உறங்கின என்பதைச் சொல்ல நாட்கள் சென்றன. உறவினர் சேற்றருகே நின்று பெயர் சொல்லி எண்ணினர்.

எச்சரித்தோம், மக்களே அகலவில்லை என்றதொரு வாதம் அப்போது எழுந்தது, இன்றும் எழுகிறது. அதனை அப்படியே விட்டுவிடலாகாது. போ என்பது மாத்திரம் கட்டளையாகாது. எங்கே போவது, அங்கே கூரை உண்டா, அங்கிருந்து பெரட்டுக்கு வர இயலாவிடின் அன்றைய பேர் கிடைக்குமா, விட்டுவந்த லயக் காம்பரா மீளக் கிடைக்குமா என்பன பதிலற்றிருக்கையில் வெளியேறு என்பது, அறிவித்தவரின் கடமை தீர்ந்தமைக்கான சான்றேயன்றி வேறில்லை. நிலம் அரசினுடையது, 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் அரசுடைமையாயிற்று. முகாமை 1992 முதல் பிராந்தியக் கம்பனிகளிடம் உளது. லயமோ தொழிலோடு பிணைந்தது. ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை தரும். பிரதேச செயலகம் கடிதம் அனுப்பும். கம்பனி நிலம் அரசினது என்னும். தொழிற்சங்கம் சந்தா பெற்றுக்கொண்டு அமைச்சரைச் சந்திப்பதாக உறுதி கூறும். இந்நால்வருள், இன்ன நாளுக்குள் இன்ன இடத்தில் வீடு தருவது என் பொறுப்பு என்று மீரியபெத்த மக்களிடம் கூறக் கடமைப்பட்டவர் எவர்? இருபது கிலோவுக்கு ஒரு கிலோ குறைந்தால் கேட்க ஆளுண்டு. இதற்கோ ஆளில்லை.

வேறுவழி இருந்ததில்லை எனவும் கூறவியலாது. இதே ஊவாவில், 1940ஆம் ஆண்டின் வேலைநிறுத்த அலையில், லங்கா சமசமாஜக் கட்சியினரின் வழிகாட்டலில் இயங்கிய தொழிலாளர் சங்கம் வெவெஸ்ஸ தோட்டத்தில் ஒரு முறையை நாட்டியது. தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தெரிந்தனர்; அச்சபையைக் கலந்து செயற்படத் தோட்டத்துரை இணங்கினார். துரை தொழிலாளரிடம் எதிர்பார்ப்பதும் தொழிலாளர் துரையிடம் எதிர்பார்ப்பதும் ஒரே மேசையில் வைக்கப்பட்டன. அவ்விணக்கம் பொலிசாரின் தலையீட்டால் நெடுநாள் நிலைக்கவில்லை என்பது உண்மை. எனினும் எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த அத்தலைமுறை கண்ட ஒழுங்கை, பட்டதாரி முகாமையாளர் நிறைந்த இக்காலம் காணாதிருப்பது விசித்திரமே.

இன்று தோட்டத்துரை தன் மேலதிகாரிக்கு ஆண்டுதோறும் அளிக்கும் கணக்கில் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்பது உண்டு. ஆபத்தான லயம் எத்தனை, அவற்றிலிருந்து இவ்வாண்டு அகற்றிக் குடியமர்த்திய குடும்பம் எத்தனை என்னும் இரண்டு நிரல்களும் அதே தாளில், அதே கண்டிப்புடன் இடம்பெறட்டும். அத்தாள் பெரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டப்படட்டும். இரண்டாவது நிரல் குறைந்தால் துரைக்கும் அரைப்பேர் போடப்படட்டும். ஈடுபாட்டைப் பற்றிய கருத்தரங்கை அதன்பின் கூட்டலாம்.

மீரியபெத்தவில் தப்பியோர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ இரண்டாண்டு கிடந்தனர். 75 வீடுகள் 2016 ஒக்டோபரிலேயே கையளிக்கப்பட்டன. 2025 நவம்பரில் டித்வா புயல் வீசியபோது பதுளை மாவட்டத்து மலைகள் மறுபடியும் சரிந்தன. அபாய எல்லைக்குள் உள்ளவையென அறியப்பட்ட லயங்களில் இன்னமும் அடுப்பு எரிகிறது. மறுநாட் காலை எந்த மலையில் எத்தனை கிலோ என்பது மட்டும் அங்குள்ளோர்க்குத் தெரியும்.