எண் இல்லா வாரிசுகள்

பெங்களூரின் அல்சூர், பிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பகுதிகளில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று வீட்டில் எஞ்சியிருப்பவர்கள் முதியவர்கள் மட்டுமே. எச்ஏஎல், ஐடிஐ, பிஇஎல் போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் உழைத்து, ஒரு வீட்டையும் சிறிது வைப்புத்தொகையையும் சில பங்குப் பத்திரங்களையும் சேர்த்து வைத்த தலைமுறை அது. பிள்ளைகளோ அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டனர். பெற்றோர் மறைந்த பிறகுதான், பிறந்த நாட்டில் தங்களுக்கென ஓர் எண் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. வருமானவரித் துறை வழங்கும் 'பான்' எனப்படும் நிரந்தரக் கணக்கு எண்தான் அது.

வாரிசுரிமையாக வரும் சொத்துக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. வி.பி. சிங் நிதியமைச்சராக இருந்த 1985-லேயே எஸ்டேட் வரி ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் வரி எண் இல்லாமல் வாரிசு ஓரடியும் நகர முடியாது. இறந்தவரின் பங்குப் பத்திரங்களை வாரிசின் பெயருக்கு மாற்ற பான் கட்டாயம் என்று 'செபி' 2010-இல் ஆணையிட்டது. வீட்டை விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாங்குபவர் வரியைப் பிடித்தம் செய்துதான் பணம் தர வேண்டும். அதுவும் நடைமுறையில் லாபத்தின் மீதன்றி விற்பனைத் தொகை முழுவதன் மீதும் பிடிக்கப்படுகிறது. குறைந்த பிடித்தத்துக்கான சான்று கேட்கவும், கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறவும் பான் இன்றி வழியில்லை.

எண்ணைக் கேட்பதே தவறு என்று கூற முடியாது. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கும் மனைகளைப் போலி உயில், போலி அதிகாரப் பத்திரம் ஆகியவற்றின் மூலம் அபகரிக்கும் கும்பல்கள் உலவும் நகரம் பெங்களூர். வாரிசு யார் என்பதை அரசு உறுதி செய்துகொள்வது வாரிசுக்கே பாதுகாப்பு. ஆனால், அந்த எண்ணைப் பெறும் வழி ஒருவருக்கு ராஜபாட்டையாகவும் இன்னொருவருக்கு ஒற்றையடிப் பாதையாகவும் இருப்பது ஏன்?

ஆதார் வைத்திருப்பவர் கட்டணமின்றிச் சில நிமிஷங்களில் மின்னணு பான் பெறும் வசதி 2020 முதல் இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவருக்கு இது பயன்படாது. ஆதார் பெற அவர் முந்தைய 12 மாதங்களில் 182 நாள்கள் இந்தியாவில் தங்கியிருக்க வேண்டும். எனவே அவருக்குத் தனிப் படிவம். அமெரிக்க, பிரிட்டன் பாஸ்போர்ட்டுகளில் வீட்டு முகவரி அச்சிடப்படுவதில்லை என்பதால், முகவரிக்கு வேறு சான்று தேட வேண்டும். அந்நாட்டு அடையாள ஆவணங்கள் சிலவற்றைத் தருவதாயின் இந்தியத் தூதரகச் சான்றொப்பமோ அப்போஸ்டில் முத்திரையோ வேண்டும்.

தமிழர்களுக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய இடையூறு பெயர்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. தந்தையின் வங்கி நியமனப் படிவத்தில் மகளின் பெயர் தலைப்பெழுத்துடன் இருக்கும். அமெரிக்க பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் பின்னால் வந்து குடும்பப் பெயராக நிற்கும். திருமணத்துக்குப் பின் கணவர் பெயராகவும் மாறியிருக்கும். பான் விண்ணப்பமோ முதற்பெயரிலும் கடைசிப் பெயரிலும் தலைப்பெழுத்தை ஏற்பதில்லை. ஒரே பெண் மூன்று ஆவணங்களில் மூன்று பெண்களாகத் தெரிகிறார். மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க உறுதிமொழிப் பத்திரம், அதற்கொரு சான்றொப்பம் என்று அலைச்சல் நீள்கிறது. இடைத்தரகர்கள் நுழைவதும் இந்த வாசல் வழியாகத்தான்.

எண் இருப்பவர்களும் தப்பவில்லை. ஆதாருடன் இணைக்கப்படாத பான்கள் 2023 ஜூலையில் செயலிழந்தபோது, விலக்குப் பெற்றிருந்த வெளிநாடுவாழ் இந்தியர்கள் பலரது எண்களும் சேர்ந்தே முடங்கின. வசிப்பிட நிலையை அவர்கள் துறைக்குத் தெரிவிக்கவில்லை என்பது காரணமாகக் கூறப்பட்டது.

தாமதத்துக்கு விலை உண்டு. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் ஈவுத்தொகை கோரப்படாத பங்குகள் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குச் சென்றுவிடும். அங்கிருந்து மீட்பது தனி வழக்கு நடத்துவதற்குச் சமம். பத்து ஆண்டுகள் கோரப்படாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகிறது. 2024 மார்ச் இறுதியில் அவ்வாறு குவிந்திருந்த தொகை ரூ. 78,213 கோடி. அதில் வெளிநாட்டு வாரிசுகளின் பங்கு ஒரு பகுதியாகவே இருக்கக்கூடும். இறந்தவரின் கணக்கை 15 நாள்களுக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால், அந்த 15 நாள் எல்லா ஆவணங்களும் கைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. அவற்றைச் சேர்க்க ஆகும் மாதங்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வெளிநாட்டு இந்தியக் குடியினருக்கான ஓசிஐ அட்டை 40 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு வழங்கப்பட்டுள்ளது. பெற்றோர் யார், பூர்விகம் எது என்று ஆராய்ந்த பிறகே உள்துறை அமைச்சகம் அதை அளிக்கிறது. ஓர் அமைச்சகம் விசாரித்து ஏற்றுக்கொண்டவரை இன்னொரு அமைச்சகம் முன்பின் அறியாதவராக நடத்த வேண்டியதில்லை. ஆதாருக்கு இணையாக ஓசிஐ பதிவேட்டைக் கொண்டே பான் வழங்கலாம். தலைப்பெழுத்து விரிவை அதே விண்ணப்பத்தில் பதிவு செய்ய இடமளிக்கலாம். துணைத் தூதரகங்களிலேயே விண்ணப்பத்தைச் சரிபார்த்து ஏற்கலாம். சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாது. விதிகளில் மாற்றம் செய்தாலே போதும். 'பான் 2.0' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ரூ. 1,435 கோடி ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. அத்தொகையில் இந்த வசதிக்கும் ஒரு பங்கு உண்டா என்பதை நிதி அமைச்சகம் தெளிவுபடுத்த வேண்டும்.